தொலைதூரக் குவாசாரின் மூலக்கூறு வாயுவை எடை போடுவது எப்படி

ஒளியியல் தொலைநோக்கியில் ஒரு குவாசாரைப் பார்க்கும்போது நமக்குத் தெரிவது பெரும்பாலும் அதன் நடுவிலுள்ள கருந்துளையில் விழுந்துகொண்டிருக்கும் பொருளின் வெளிச்சம்தான். அந்தக் கருந்துளையைச் சுமந்திருக்கும் விண்மீன் பேரடை அந்த வெளிச்சத்துக்குள் மறைந்துபோகிறது. மில்லிமீட்டர் அலைநீளங்களுக்கு வந்தால் நிலைமை மாறிவிடுகிறது. அங்கே கருந்துளையின் வெளிச்சம் அடங்கி, பேரடையின் குளிர்ந்த தூசியும் மூலக்கூறு வாயுவும் துலக்கமாகத் தெரிகின்றன. அந்த வாயுவிலிருந்துதான் புதிய விண்மீன்கள் பிறக்கின்றன. கருந்துளைக்கும் அதுவே தீனி. ஆகவே அதன் நிறையை அறிவது, அந்தப் பேரடை எவ்வளவு வேகமாக வளர்ந்தது, இன்னும் எவ்வளவு காலம் வளர முடியும் என்பதை அறிவதற்கு முதற்படியாகிறது.

இளநிலைப் பட்ட அளவில் இயற்பியல் படித்தவர், வெளியான ஓர் அளவீட்டை எடுத்துக்கொண்டு தாளிலேயே இந்த நிறையைக் கணக்கிட்டுப் பார்க்கும் வகையில் இந்த வழிகாட்டியை எழுதியிருக்கிறேன். பொதுவாகப் பேசிக்கொண்டு போவதைவிட ஒரே ஒரு குவாசாரை எடுத்துக்கொண்டு தொடக்கம் முதல் இறுதிவரை செய்து பார்ப்பது நல்லது. நாம் எடுத்துக்கொள்ளப் போவது, சப்தரிஷி மண்டலத்தின் எல்லைக்குள், ஸ்லோன் வான் கணக்கெடுப்பில் கண்டறியப்பட்ட ஜே1148+5251. இதன் செம்பெயர்ச்சி, அதாவது பேரண்டம் விரிவதால் ஒளியின் அலைநீளம் நீண்டிருக்கும் அளவு, 6.42. நாம் இன்று பெறும் ஒளி அங்கிருந்து கிளம்பியபோது பேரண்டத்தின் வயது இன்றைய வயதில் பதினாறில் ஒரு பங்குதான். அதன் நடுவிலுள்ள கருந்துளையின் நிறை சுமார் 300 கோடி சூரிய நிறை என மதிப்பிடப்பட்டுள்ளது. 2003ஆம் ஆண்டில் இதன் பேரடையிலிருந்து மூலக்கூறு வாயுவின் கோடுகள் பிடிபட்டபோது, அவ்வளவு தொலைவில் மூலக்கூறு வாயு காணப்பட்டது அதுவே முதன்முறை.

ஒன்றை முதலிலேயே சொல்லிவிட வேண்டும். தொலைநோக்கி அளப்பது ஒரு வானொலிக் கோட்டின் பொலிவை மட்டுமே. நிறையை அது அளப்பதில்லை. பொலிவிலிருந்து நிறைக்குப் போகும் வழியில் நாம் சில தேர்வுகளைச் செய்கிறோம். அவற்றில் ஒன்றே ஒன்று விடையை ஐந்து மடங்கு மாற்றிவிடக் கூடியது. எனவே இந்த வேலையில் சூத்திரத்தில் எண்களைப் போடுவது எளிய பகுதி. கிடைத்த விடையை வேறு வழிகளில் உரசிப் பார்ப்பதே உண்மையான உழைப்பைக் கேட்கும் பகுதி.

ஏன் கார்பன் மோனாக்சைடு

மூலக்கூறு வாயுவின் பெரும்பகுதி ஹைட்ரஜன் மூலக்கூறுதான். ஆனால் இரண்டு ஒத்த அணுக்களால் ஆன அந்த மூலக்கூறுக்கு நிலையான இருமுனைத் திருப்புத்திறன் கிடையாது. ஆகவே அது சுழலும்போது எளிதில் கதிர்வீசுவதில்லை. அது வீசக்கூடிய மிகத் தாழ்ந்த சுழற்சிக் கோடு 28 மைக்ரான் அலைநீளத்தில் இருக்கிறது. அதைத் தூண்டத் தேவையான ஆற்றலோ சுமார் 510 கெல்வினுக்குச் சமம். விண்மீன்கள் பிறக்கும் முகில்கள் சில பத்துக் கெல்வின் வெப்பநிலையில்தான் இருக்கின்றன. எனவே அங்குள்ள ஹைட்ரஜன், எவ்வளவு இருந்தாலும், ஏறத்தாழ முழு ஊமையாகவே கிடக்கிறது.

அதற்கு அடுத்தபடியாக மிகுதியாக இருக்கும் மூலக்கூறு கார்பன் மோனாக்சைடு. அதன் முதல் சுழற்சி நிலை தரைநிலைக்கு மேல் 5.5 கெல்வின் உயரத்தில்தான் இருக்கிறது. மூன்றாவது நிலை 33 கெல்வினிலும், ஆறாவது நிலை 116 கெல்வினிலும் இருக்கின்றன. குளிர்ந்த வாயுவில் மூலக்கூறுகள் ஒன்றோடொன்று மோதிக்கொள்வதே இந்த நிலைகளைத் தூண்டப் போதுமானது. முதல் நிலையிலிருந்து தரைநிலைக்கு இறங்கும்போது 115.271 கிகாஹெர்ட்ஸ் அதிர்வெண்ணில் ஒரு கோடு வருகிறது. இதை 1-0 கோடு என்போம். 3-2 கோடு 345.796 கிகாஹெர்ட்ஸிலும், 6-5 கோடு 691.473 கிகாஹெர்ட்ஸிலும் வருகின்றன. ஏணியின் படிகளைப் போல ஏறத்தாழச் சம இடைவெளியில் அடுக்கப்பட்ட இந்தக் கோடுகள் நமக்குப் பெரிய வசதி. எந்தச் செம்பெயர்ச்சியை எடுத்துக்கொண்டாலும், ஏதோ ஒரு படியாவது வளிமண்டலம் விட்டுக்கொடுக்கும் சன்னலுக்குள் வந்து நிற்கும்.

கோட்டையும் தொலைநோக்கியையும் தேர்ந்தெடுத்தல்

ஒரு கோட்டை எங்கே தேடுவது என்பதற்கு ஒரே ஒரு வகுத்தல் போதும். கோட்டின் இயல்பான அதிர்வெண்ணை, செம்பெயர்ச்சியோடு ஒன்றைக் கூட்டிவரும் எண்ணால் வகுக்க வேண்டும். ஜே1148+5251-க்கு அந்த எண் 7.419. அப்படியானால் 3-2 கோடு 46.6 கிகாஹெர்ட்ஸுக்கும், 6-5 கோடு 93.2 கிகாஹெர்ட்ஸுக்கும் நகர்ந்திருக்கும். முதலாவது நியூ மெக்சிகோவில் 27 உணர்கலங்களைக் கொண்ட விஎல்ஏ வானொலி அணிக்குள் அடங்குகிறது. இரண்டாவது, பிரெஞ்சு ஆல்ப்ஸ் மலையில் பியூர் மேட்டுநிலத்தில் உள்ள அணிக்குள் அடங்குகிறது. 2003இல் நடந்ததும் அதுதான்: முதல் கோட்டை விஎல்ஏவும், 6-5, 7-6 ஆகிய மேல்படிகளை ஆல்ப்ஸ் அணியும் பிடித்தன.

இன்று இத்தகைய ஆய்வுகளில் முன்னணியில் நிற்பது சிலி நாட்டு அட்டகாமா பாலைவனத்தில் 5,000 மீட்டர் உயரத்தில் 66 உணர்கலங்களோடு விரிந்திருக்கும் ஆல்மா. ஆனால் வசதி மிகுந்த கருவி என்பதாலேயே எல்லாவற்றுக்கும் அது பொருந்திவிடாது. ஆல்மா தெற்கு அகலாங்கு 23 பாகையில் இருக்கிறது. நம் குவாசாரோ வடக்கே 52 பாகைக்கும் அப்பால் இருக்கிறது. அங்கிருந்து பார்த்தால் அது அடிவானத்திலிருந்து ஏறத்தாழ 14 பாகைக்கு மேல் எழுவதே இல்லை. விண்ணப்பம் எழுதும் முன் இந்தச் சிறு கழித்தலைச் செய்துகொள்வது பல நாள் உழைப்பை மிச்சப்படுத்தும்.

செம்பெயர்ச்சி எங்கிருந்து எடுக்கப்பட்டது என்பதையும் கவனிக்க வேண்டும். ஒளியியல் நிறமாலையில் தெரியும் அகன்ற கோடுகள் கருந்துளைக்கு மிக அருகிலுள்ள, வேகமாக வெளியேறும் வாயுவிலிருந்து வரக்கூடியவை. அவற்றுள் அயனியான கார்பனின் புறஊதாக் கோடு, பேரடையின் உண்மையான வேகத்திலிருந்து நூற்றுக்கணக்கில், சில வேளைகளில் ஆயிரக்கணக்கில் கி.மீ./வினாடி நீலப்பக்கம் விலகி நிற்கும். 46.6 கிகாஹெர்ட்ஸில் 1,000 கி.மீ./வினாடி என்பது 155 மெகாஹெர்ட்ஸ். அக்காலத்து விஎல்ஏ கருவியின் ஒரு சன்னலின் அகலம் 50 மெகாஹெர்ட்ஸ்தான், அதாவது சுமார் 320 கி.மீ./வினாடி. கோட்டின் அகலமே ஏறத்தாழ அவ்வளவு இருந்ததால், செம்பெயர்ச்சியில் சிறு பிழை இருந்தாலும் கோடு முழுவதுமாகச் சன்னலுக்கு வெளியே போயிருக்கும். இன்றைய கருவிகள் பல கிகாஹெர்ட்ஸ் அகலத்தை ஒரே நேரத்தில் பார்ப்பதால் இந்தத் தொல்லை பெரிதும் நீங்கிவிட்டது. என்றாலும் பழைய கட்டுரைகளில் 'கோடு காணப்படவில்லை' என்ற முடிவைப் படிக்கும்போது, அவர்கள் பார்த்த சன்னலின் அகலத்தையும் நம்பியிருந்த செம்பெயர்ச்சியையும் தேடிப் படிப்பது நல்ல பழக்கம்.

தரவிலிருந்து கோட்டுப் பாயத்துக்கு

அணித் தொலைநோக்கியின் தரவை அளவுத்திருத்தம் செய்யும் முறைகள் தனி நூலுக்குரியவை. இங்கே நிறையைப் பாதிக்கக்கூடிய இரண்டு இடங்களில் மட்டும் நிற்கிறேன்.

முதலாவது தொடர்நிறமாலையைக் கழிப்பது. தூசியின் கதிர்வீச்சு எல்லா அதிர்வெண்களிலும் பரவிக் கிடக்கிறது. கோடு அதன்மேல் ஒரு மேடாக அமர்ந்திருக்கிறது. கோட்டுக்கு இருபுறமும் வெறுமையாக உள்ள பகுதிகளை வைத்து அடிமட்டத்தை வரைந்து கழிக்க வேண்டும். அடிமட்டத்தைச் சற்றுத் தாழ்வாக வரைந்துவிட்டால், கோட்டின் இரு ஓரங்களிலும் இல்லாத சிறகுகள் முளைக்கும். அந்தச் சிறகுகளை வேகமாக வெளியேறும் வாயு என்று வாசிப்பது வழக்கம் என்பதால், அங்கே இயற்பியலே மாறிப்போகிறது. நம் குவாசாரிலேயே இதற்கு ஒரு பாடம் இருக்கிறது. அயனியான கார்பனின் 158 மைக்ரான் கோட்டில் அகன்ற சிறகுகள் தெரிவதாகவும், பெரும் வாயு வெளியேற்றம் நடப்பதாகவும் 2012இல் அறிவிக்கப்பட்டது. அதே ஆல்ப்ஸ் அணி விரிவாக்கப்பட்ட பிறகு, மிக அகன்ற அதிர்வெண் பரப்பில் மீண்டும் எடுத்த தரவை 2022இல் பகுத்தபோது, அத்தகைய சிறகுகளுக்குப் போதிய சான்று கிடைக்கவில்லை. கோட்டுக்கு வெளியே எவ்வளவு வெறும் இடம் இருக்கிறது என்பது அவ்வளவு முக்கியமானது.

இரண்டாவது, படத்தின் கூர்மை. இந்தத் தொலைவில் வானத்தில் ஒரு விகலை (பாகையில் 3,600இல் ஒரு பங்கு) என்பது சுமார் 5.5 கிலோபார்செக் (ஏறத்தாழ 18,000 ஒளியாண்டு) நீளம். வாயு இதற்குள் அடங்கிவிடும் அளவே என்றாலும், உணர்கலங்களை அகலப் பரப்பிக் கூர்மையான படம் எடுக்கும்போது, மொத்தப் பொலிவும் பல சிறு புள்ளிகளாகச் சிதறி, மங்கலான ஓரங்கள் இரைச்சலுக்குள் மூழ்கிவிடும். எனவே மொத்தப் பாயத்தை நெருக்கமாக வைத்த அணியிலிருந்தும், வாயுவின் வடிவத்தைப் பரந்த அணியிலிருந்தும் எடுக்க வேண்டும். ஒன்றின் வேலையை மற்றொன்றிடம் கேட்கக் கூடாது.

இனி, கோட்டின் உச்சியையும் அரையுயர அகலத்தையும் எடுத்துக்கொள்வோம். நம் குவாசாரின் 3-2 கோடு உச்சியில் சுமார் 0.6 மில்லிஜான்ஸ்கி (ஜான்ஸ்கி என்பது வானொலிப் பொலிவின் அலகு) உயரமும், சுமார் 320 கி.மீ./வினாடி அகலமும் கொண்டது. கோட்டின் வடிவம் காஸ் வளைவு என்று கொண்டால், உச்சியையும் அகலத்தையும் பெருக்கி 1.064ஆல் மீண்டும் பெருக்க, கோட்டின் அடியிலுள்ள பரப்பு கிடைக்கும்: சுமார் 0.2 ஜான்ஸ்கி கி.மீ./வினாடி. இதைத்தான் கோட்டுப் பாயம் என்கிறோம். அரை மில்லிஜான்ஸ்கியைச் சற்றே தாண்டும் இந்த மெல்லிய மேடுதான் கோடிக்கணக்கான சூரியன்களுக்குச் சமமான வாயு நமக்கு அனுப்பிய முழுச் செய்தி.

பாயத்திலிருந்து ஒளிர்வுக்கு

இப்போது சூத்திரம். எண்களை இந்த அலகுகளில்தான் போட வேண்டும்: பாயம் ஜான்ஸ்கி கி.மீ./வினாடியில், தொலைவு மெகாபார்செக்கில், அதிர்வெண் கிகாஹெர்ட்ஸில்.

கோட்டு ஒளிர்வு = 3.25 × 10⁷ × கோட்டுப் பாயம் × (ஒளிர்வுத் தொலைவு)² ÷ [(காணும் அதிர்வெண்)² × (1 + செம்பெயர்ச்சி)³]

விடை, கெல்வின் கி.மீ./வினாடி சதுர பார்செக் என்ற சற்று விநோதமான அலகில் வரும். வாயுவின் பொலிவு வெப்பநிலை, அதன் வேகப் பரவல், அது அடைத்துக்கொண்டிருக்கும் பரப்பு ஆகிய மூன்றின் பெருக்கல் என்று இந்த அலகைப் படித்துவிட்டால் அந்த விநோதம் நீங்கிவிடும்.

ஹபிள் மாறிலி 70, பருப்பொருளின் பங்கு 0.3 என்று கொண்டால், ஒளிர்வுத் தொலைவு, அதாவது பொலிவு குறைந்திருக்கும் அளவைக் கொண்டு வகுக்கப்படும் தொலைவு, சுமார் 62,500 மெகாபார்செக். அதன் வர்க்கம் 3.9 × 10⁹. காணும் அதிர்வெண் 46.61, அதன் வர்க்கம் 2,172. 7.419இன் முப்படி 408. மேலே 3.25 × 10⁷ × 0.2 × 3.9 × 10⁹. கீழே 2,172 × 408. வகுத்தால் சுமார் 2.9 × 10¹⁰ கிடைக்கிறது.

இந்த இடத்தில் வழக்கமாக நேரும் ஒரு பிழையைச் சொல்ல வேண்டும். காணும் அதிர்வெண்ணைப் போட வேண்டிய இடத்தில் கோட்டின் இயல்பான அதிர்வெண்ணைப் போட்டுவிட்டால் விடை 55 மடங்கு குறைந்துவிடும். ஒளிர்வுத் தொலைவுக்குப் பதிலாக உடன்நகர் தொலைவை (ஒளிர்வுத் தொலைவை 7.419ஆல் வகுத்தால் வருவது) போட்டாலும் அதே 55 மடங்கு குறையும், ஏனென்றால் இரண்டு பிழைகளும் 7.419இன் வர்க்கமாகவே வெளிப்படுகின்றன. அருகிலுள்ள பேரடைகளில் இந்தப் பிழைகள் கண்ணுக்கே தெரியா. தொலைதூரத்தில் அவை கணக்கையே கவிழ்த்துவிடும். எனவே கைவசம் உள்ள விடை வெளியான மதிப்பிலிருந்து ஐம்பது மடங்குக்கு மேல் விலகியிருந்தால், இந்த இரண்டு இடங்களையும் முதலில் பாருங்கள்.

எந்தப் படியிலிருந்து எந்தப் படிக்கு

நிறைக்கான மாற்றுக் காரணி 1-0 கோட்டுக்காக வகுக்கப்பட்டது; நம்மிடம் இருப்பதோ 3-2 கோடு. எனவே ஒன்றை மற்றொன்றாக மாற்ற வேண்டும். வாயு அடர்த்தியாகவும் வெதுவெதுப்பாகவும் இருந்தால், கீழ்ப்படிகளின் கோட்டு ஒளிர்வுகள் எல்லாம் சமமாகிவிடும். நம் பால்வழியின் பரந்த, குளிர்ந்த வாயுவில் 3-2 கோட்டின் ஒளிர்வு 1-0இல் 0.27 பங்குதான். துணைமில்லிமீட்டரில் ஒளிரும் பேரடைகளில் அது 0.66. குவாசார்களின் பேரடைகளிலோ சராசரியாக 0.97. 5-4 கோட்டுக்கு வந்தால்கூடக் குவாசார்களில் அது 0.69 பங்கு நிற்கிறது. பால்வழியில் வெறும் 0.08. நடுவில் ஒரு கருந்துளை எரிந்துகொண்டிருக்கும் பேரடையில் வாயு சிறு இடத்துக்குள் திணிக்கப்பட்டு, நன்றாகச் சூடேறியிருக்கிறது என்பதே இதன் பொருள்.

சராசரியை அப்படியே நம்பாமல் நம் குவாசாரிலேயே சோதித்துப் பார்க்கலாம். இதன் 6-5 கோட்டின் பாயம் சுமார் 0.73 ஜான்ஸ்கி கி.மீ./வினாடி. முழுச் சமநிலை இருந்தால் பாயம் அதிர்வெண்ணின் வர்க்கமாக உயர வேண்டும். அதாவது 3-2 கோட்டைப் போல நான்கு மடங்கு இருக்க வேண்டும். இருப்பதோ ஏறத்தாழ 3.65 மடங்கு. ஆறாவது படியிலேயே இவ்வளவு நெருக்கம் என்றால், மூன்றாவது படியிலிருந்து முதற்படிக்கு இறங்கும்போது எந்தத் திருத்தமும் இல்லாமல் ஒன்று என்று கொள்வது நியாயமே. மேல்படியான 7-6 கோடு மட்டும் கையிலிருந்து, அதைக் கொண்டு 1-0 கோட்டை ஊகிக்க வேண்டியிருந்தால் அந்தத் துணிவு எனக்கு வராது.

இன்னொரு திருத்தமும் உண்டு. செம்பெயர்ச்சி 6.42இல் அண்ட நுண்ணலைப் பின்னணியின் வெப்பநிலை 2.7 கெல்வின் அல்ல, 20.2 கெல்வின். கோட்டை நாம் அந்தப் பின்னணியின்மேல் எழும் மேடாகத்தான் பார்க்கிறோம். வாயு 25 கெல்வினில் இருந்தால் மேட்டின் பெரும்பகுதி பின்னணிக்குள் மூழ்கிவிடும். இந்தக் குவாசாரின் வாயு சுமார் 50 கெல்வின் என மதிப்பிடப்பட்டிருப்பதால் இழப்பு ஓரளவே. ஆனால் இதே வெதுவெதுப்பான வாயுவைச் சுற்றிக் குளிர்ந்த வாயு ஏதேனும் பரவியிருந்தால், அது நம் கணக்குக்கு வராமலே போயிருக்கக்கூடும்.

மாற்றுக் காரணி

இனி வருவதுதான் முடிச்சு. கோட்டு ஒளிர்வை எந்த எண்ணால் பெருக்கினால் நிறை வரும்? பால்வழிக்கு அந்த எண் சுமார் 4.3. அருகிலுள்ள, மோதிக்கொண்டு கொழுந்துவிட்டு விண்மீன்களைப் பெறும் அகச்சிவப்புப் பேரடைகளுக்குப் பொதுவாக எடுத்துக்கொள்வது 0.8. இரண்டுக்கும் இடையே ஐந்து மடங்குக்கு மேல் வேறுபாடு.

இந்த வேறுபாடு எங்கிருந்து வருகிறது என்று தெரியாமல் எண்ணைப் பொறுக்கிப் போடக் கூடாது. கார்பன் மோனாக்சைடு கோடு ஒளிபுகாத கோடு. முகிலின் மேற்பரப்பை மட்டுமே காட்டுகிறது. அப்படியிருந்தும் அது நிறையை அளக்கப் பயன்படுவதற்குக் காரணம், தன் ஈர்ப்பாலேயே கட்டுண்ட முகிலில் நிறை கூடக் கூட உள்வேகமும் கூடி, கோடு அகலமாகி, அதிக ஒளி தப்பித்து வெளிவருவதுதான். பால்வழியின் தனித்தனி முகில்களுக்கு இது பொருந்தும். மோதும் பேரடைகளின் மையத்திலோ வாயு தனி முகில்களாக இல்லாமல் ஒரே பாயாக விரிந்து கிடக்கிறது. அங்கே கோட்டை அகலப்படுத்தும் ஈர்ப்பில் வாயுவின் பங்கோடு, அதனூடே இருக்கும் விண்மீன்களின் பங்கும் சேர்ந்திருக்கிறது. அதனால் அதே அளவு வாயு கூடுதல் வெளிச்சம் தருகிறது. பால்வழியின் எண்ணைப் போட்டால் நிறை மிகையாகிவிடும். டவுன்ஸ், சாலமன் ஆகிய வானியலாளர்கள் 1998இல் அத்தகைய மையங்களை விரிவாக ஆய்ந்து நிறுவியது இதைத்தான்.

நம் குவாசாரின் வாயு நெருக்கமானது, சூடானது என்று மேலே கண்டோம், எனவே 0.8 என்ற எண்ணையே எடுத்துக்கொள்வோம். 2.9 × 10¹⁰ஐ 0.8ஆல் பெருக்கினால் சுமார் 2,300 கோடி சூரிய நிறை. 2003இல் வெளியான மதிப்பு 2,200 கோடி. நம் தாள்கணக்கு அதற்கு மிக அருகில் வந்து நிற்கிறது. 4.3ஐ எடுத்திருந்தால் 12,000 கோடிக்கு மேல் போயிருக்கும்.

ஒரு சிறு எச்சரிக்கை: சில கட்டுரைகள் தரும் காரணி ஹைட்ரஜனை மட்டும் எண்ணும், சில ஹீலியத்தையும் சேர்த்து எண்ணும். இரண்டுக்கும் இடையே 1.36 மடங்கு வேறுபாடு. ஒப்பிடும் இரண்டு கட்டுரைகளும் எதை எண்ணுகின்றன என்று பார்க்காமல் ஒப்பிட்டால், இல்லாத வேறுபாட்டுக்கு விளக்கம் தேடி அலைய வேண்டியிருக்கும்.

உரைகல்

காரணியைத் தேர்ந்தது சரியா என்று பார்க்க நமக்கு ஓர் உரைகல் இருக்கிறது: இயக்க நிறை. வாயு எவ்வளவு வேகமாகச் சுழல்கிறதோ, அவ்வளவுக்கு உள்ளே நிறை இருந்தாக வேண்டும். அந்த நிறையில் விண்மீன்கள், கருந்துளை, வாயு எல்லாமே அடக்கம். ஆகவே வாயுவின் நிறை மட்டும் அதைத் தாண்ட முடியாது.

2004இல் விஎல்ஏ அணியை அகலப் பரப்பி, 0.15 விகலைக் கூர்மையில், அதாவது ஏறத்தாழ ஒரு கிலோபார்செக் அளவில், இந்தக் குவாசாரின் வாயு படமெடுக்கப்பட்டது. வாயு சுமார் 2.5 கிலோபார்செக் ஆரம்வரை பரவியிருந்தது. 6-5 கோட்டின் அகலம் சுமார் 280 கி.மீ./வினாடி. வேகத்தின் வர்க்கத்தைக் கிலோபார்செக்கில் உள்ள ஆரத்தால் பெருக்கி, 2.33 × 10⁵ஆல் பெருக்கினால், சாய்வைக் கணக்கில் எடுக்காமல், சுமார் 4,500 கோடி சூரிய நிறை கிடைக்கிறது. நம் 2,300 கோடி அதற்குள் அடங்குகிறது. 12,000 கோடி அடங்கவில்லை. 0.8ஐ ஆதரித்து இதைவிட நேரடியான வாதம் எதையும் நான் அறியேன்.

ஆனால் உரைகல்லையும் உரசிப் பார்க்க வேண்டும். சுழலும் வட்டு நமக்கு ஏறத்தாழ முகம் காட்டி நின்றால், நாம் காணும் வேகம் உண்மை வேகத்தின் ஒரு பங்கே. வட்டின் சாய்வு 30 பாகை என்றால் இயக்க நிறை நான்கு மடங்காகி 18,000 கோடியைத் தொடும். அப்போது 12,000 கோடியும் உள்ளே நுழைந்துவிடும். சாய்வை நன்கு அறிய வட்டின் வடிவம் தெளிவாகத் தெரிய வேண்டும். மேலும் அந்த வாயு ஒழுங்காகச் சுழல்கிறதா, அல்லது இரண்டு பேரடைகள் மோதும் குழப்பத்தில் இருக்கிறதா என்பதும் தெரிய வேண்டும். இது தெரியாத குவாசார்களில் இயக்க நிறையை முடிந்த தீர்ப்பாக எடுத்துக்கொள்ளக் கூடாது.

வேறு தடயங்களும் உண்டு. இந்தக் குவாசாரில் சுமார் 70 கோடி சூரிய நிறைத் தூசி இருப்பதாக 2003இல் மதிப்பிடப்பட்டது. பால்வழியைப் போலத் தூசிக்கு நூறு மடங்கு வாயு என்று கொண்டால் 7,000 கோடி வருகிறது. இது மேலே கண்ட 4,500 கோடியைத் தாண்டுகிறது. தூசியின் வெப்பநிலையையும் உட்கவர்வு எண்ணையும் சற்று மாற்றினாலே தூசி நிறை சில மடங்கு மாறக்கூடியது என்பதால், இதை முரண்பாடு என்று சொல்ல மாட்டேன். நூறு என்ற எண்ணை இங்கே கண்ணை மூடிக்கொண்டு போட முடியாது என்பதற்கு அறிகுறி என்பேன். 2005இல் கண்டறியப்பட்ட 158 மைக்ரான் கார்பன் கோட்டின் ஒளிர்வு 400 கோடி சூரிய ஒளிர்வுக்குச் சற்று மேல். அருகிலும் இடைத்தொலைவிலும் உள்ள பேரடைகளுக்குக் கண்ட விகிதப்படி, ஒரு சூரிய ஒளிர்வுக்கு 30 சூரிய நிறை என்று பெருக்கினால் 12,000 கோடிக்கு மேல் போகிறது. இந்தக் கோடு மிகப் பொலிவானது, எளிதில் பிடிபடுவது. ஆகவே இன்று செம்பெயர்ச்சி 6க்கு அப்பாலுள்ள குவாசார்களில் முதலில் தேடப்படுவது இதுதான். ஆனால் அது அணு வாயுவிலிருந்தும் அயனியான வாயுவிலிருந்தும்கூட வரக்கூடியது. பேரடையைக் கண்டுபிடிக்கவும் அதன் வேகத்தை அளக்கவும் அதைப் பயன்படுத்துங்கள். நிறைக்குக் கார்பன் மோனாக்சைடின் தாழ்ந்த படிகளில் ஒன்றையாவது கேளுங்கள்.

ஈர்ப்பு வில்லை

இடையில் வேறொரு பேரடை நின்று ஒளியைக் குவித்திருந்தால் மேலே சொன்ன எல்லாமே பெருகிவிடும். தொலைதூரத்தில் முதன்முதலில், 1991இல், கார்பன் மோனாக்சைடு கண்டறியப்பட்ட ஐராஸ் எஃப்10214+4724இல் இதுவே நடந்தது. செம்பெயர்ச்சி 2.286இல் உள்ள அதன் வாயு நம்ப முடியாத அளவுக்கு மிகுதியாகத் தெரிந்தது; சில ஆண்டுகளுக்குப் பிறகுதான், முன்னால் நிற்கும் பேரடை அதைச் சுமார் பத்து மடங்கு பெரிதாக்கிக் காட்டுவது தெளிவானது. மூலக்கூறு வாயு ஆய்வில் புகழ்பெற்ற நாலிலைக் குவாசாரும், செம்பெயர்ச்சி 3.91இல் உள்ள ஏபிஎம் 08279+5255உம் வில்லையால் பெரிதாக்கப்பட்டவைதான். பெருக்கத்தால் வகுத்தால் போதும் என்று தோன்றும். ஆனால் கருந்துளையின் சிறு வட்டுக்கும், கிலோபார்செக் அளவில் பரந்த வாயுவுக்கும் ஒரே பெருக்கம் இருக்க வேண்டியதில்லை. ஒளியியல் படத்திலிருந்து கிடைத்த பெருக்கத்தை வாயுவுக்குப் போடாமல், வாயுவின் படத்துக்கே தனியாக வில்லை மாதிரியை அமைக்க வேண்டும்.

விடையை எழுதுவது

இவ்வளவுக்கும் பிறகு குறிப்பேட்டில் '2,300 கோடி' என்று மட்டும் எழுதி வைக்காதீர்கள். கோட்டு ஒளிர்வைத் தனியாக எழுதுங்கள், அது அளவீடு. அதன்கீழ், 3-2க்கும் 1-0க்கும் விகிதம் ஒன்று, மாற்றுக் காரணி 0.8, வில்லைப் பெருக்கம் இல்லை, ஹபிள் மாறிலி 70 என்று ஒவ்வொரு தேர்வையும் எழுதுங்கள். நிறை அவற்றின்கீழ் வரட்டும். நாளை ஒருவர் 1-0 கோட்டையே அளந்துவிட்டால், அந்த ஒரு வரியை மட்டும் மாற்றி மீண்டும் பெருக்கிக்கொள்ளலாம்.

அடுத்து பெரும்பாலோர் செய்வது, இந்த நிறையை விண்மீன் பிறப்பு வீதத்தால் வகுத்து, வாயு எவ்வளவு காலம் தாங்கும் என்று பார்ப்பது. ஜே1148+5251இன் தொலை அகச்சிவப்பு ஒளி முழுவதும் புதிய விண்மீன்களிலிருந்து வருகிறது என்று கொண்டால், ஆண்டுக்கு சுமார் 3,000 சூரிய நிறை என்ற வீதம் வருகிறது. அப்படியானால் வாயு 70 அல்லது 80 லட்சம் ஆண்டுகளில் தீர்ந்துவிடும். பேரடைகளின் வாழ்வில் இது கண்ணிமைக்கும் நேரம். ஆனால் அந்தத் தூசியில் ஒரு பங்கைக் குவாசாரே சூடாக்கியிருந்தால் வீதம் குறையும், காலம் அந்த அளவுக்கு நீளும். புதிய வாயு வெளியிலிருந்து வந்து விழுந்துகொண்டிருந்தால் மேலும் நீளும். எனவே இந்த வகுத்தலைச் செய்யும்போது, மேலே வைத்த நிறைக்கு எப்படித் தேர்வுகளை எழுதினோமோ, அப்படியே கீழே வைத்த வீதத்துக்கும், குவாசாரின் பங்கு கழிக்கப்பட்டதா இல்லையா என்பதை அதே பக்கத்தில் எழுதி வைக்க வேண்டும்.